ஒன்பதாவது அங்குலம்

"நாய் கடிக்குமா, மிஸ் ஆர்லீத்தா?"

"நாய் கடிக்காது. அங்க தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க எங்க அக்கா, அவங்ககிட்ட சூதானமா இருங்க."

மாவட்டச் சுகாதார ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கிய ஹின்சன் சிரித்தார். சிரித்துவிட்டு, கேட்டிருக்குமோ என்று ரோவீனா பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்டிருந்தது.

"அவ சொல்றத விடுங்க. நேரமாச்சு. நான் ஏழு மணிலேர்ந்து நிக்கிறேன்" என்றாள் ரோவீனா.

மணி அப்போது எட்டுகூட ஆகவில்லை. ஆகஸ்ட் மாத வெயில் அதற்குள் பைன் மரங்களின் உச்சியிலிருந்து இறங்கியிருந்தது. நானும் ஆர்லீத்தாவும் வராந்தாவில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம். உரிக்க இரண்டு பேர் வேண்டிய அளவு பீன்ஸ் இல்லை. ஆனாலும் ஆர்லீத்தா முந்தின நாளே போன் செய்து, "இமோ, காலைல வந்துடு, மண்ணு பாக்க ஆள் வர்றான்" என்று சொல்லியிருந்தாள். கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக அடுத்த நிலத்துக்காரி நான். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று கேட்கவில்லை.

ரோவீனா மே மாதம் வடக்கே நெவார்க் நகரத்திலிருந்து வந்தவள். பதினெட்டு வயதில் பஸ் ஏறிப் போனாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் சாதாரண ஆளாகச் சேர்ந்து, அந்தச் சமையலறையையே நடத்துகிறவளாக ஓய்வு பெற்றாள். எழுபத்தொரு வயதில் வீட்டை விற்று, சாமான்களை ஒரு வாடகைக் கிடங்கில் போட்டுவிட்டு, தங்கை வீட்டு சோபாவில் வந்து படுத்தாள். மூன்று மாதம் படுத்தாகிவிட்டது. சாலையோரம் அவள் பங்காக இரண்டு ஏக்கர் இருக்கிறது. அங்கே வீடு வைக்க வேண்டும். வீடுகூடத் தேர்ந்தெடுத்தாயிற்று. இரண்டு துண்டாக லாரியில் வந்து இறங்கிச் சேர்கிற வீடு, மூன்று படுக்கையறை, முன்பக்கம் மஞ்சள் பெயிண்ட். விற்கிறவன் செப்டம்பர் கடைசி வரைக்கும் வைத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறான்.

எங்கள் பக்கம் சாக்கடைக் குழாய் கிடையாது. அவரவர் வீட்டுக் கழிவு அவரவர் செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து அவரவர் மண்ணுக்குள் ஊறிவிட வேண்டும். அந்த மண் குடிக்காது என்று ஹின்சன் எழுதிவிட்டால் பெர்மிட் இல்லை. பெர்மிட் இல்லாமல் வீட்டை லாரியில் ஏற்றக்கூட மாட்டார்கள். அப்புறம் ரோவீனாவுக்கு இருப்பது மகன் வீட்டு நிலவறை ஒன்றுதான். அங்கே போவதைவிட அந்த சோபாவிலேயே செத்துப்போவேன் என்று சர்ச்சில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தாள்.

ஹின்சன் வண்டியின் பின்னாலிருந்து மண் குடைகிற ஆகரை எடுத்தார். இடுப்பு உயரக் கம்பி. மேலே குறுக்காகக் கைப்பிடி, கீழே முறுக்கின வாய். சுற்றச் சுற்ற மண்ணைக் கவ்விக்கொண்டு மேலே வரும். அவருக்கும் அறுபது நெருங்குகிறது. அவர் அப்பாவும் எங்களைப் போல் புகையிலை பயிரிட்டவர்தான். எங்கள் மாதிரி கறுப்பர் வீட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர்களில் அவர் ஒருத்தர்தான் வண்டியில் உட்கார்ந்தபடியே பேசிவிட்டுப் போகாமல் இறங்கி வந்து பேசுவார்.

"எங்க வேணும் வீடு?"

"இங்க. ரோட்டப் பாத்தாப்ல. ரிப்பன் கட்டியிருக்கேன் பாருங்க, நாலு மூலைக்கும். இந்தப் பக்கம் டேங்க். அதுக்குப் பின்னாடி உங்க ஊறல் பள்ளம் எத்தன வேணுமோ வெட்டிக்குங்க. எவ்ளோ சமமா இருக்கு பாருங்க! பலகை போட்டாப்ல."

"சமமாத்தான் இருக்கு" என்றார் ஹின்சன். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்லீத்தா தலை நிமிரவில்லை.

முதல் குழி. அவர் சுற்றச் சுற்ற வந்த மண்ணைக் கட்டி கட்டியாக எடுத்து ஒரு பலகையின் மேல் வரிசையாக வைத்தார். மேல் மண் முதலில், ஆழத்து மண் கடைசியில். ஒரு கட்டியை உடைத்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார்.

"என்ன, பிஸ்கட்டுக்கு மாவு பிசையறீங்களா?"

"கிட்டத்தட்ட அதேதான். உங்க பிஸ்கட் நல்லா வரும்னு கேள்வி."

"யார் சொன்னா?"

"பாஸ்டர்."

"அவருக்கு யார் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்."

பிசைந்த மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கி நாடாவாகத் தள்ளினார். நாடா நீண்டு, நீண்டு, இரண்டு அங்குலத்துக்கும் மேல் போய்த்தான் அறுந்தது. களிமண் அதிகம் என்று அர்த்தம். அது எனக்கே தெரியும். பிறகு சட்டைப் பையிலிருந்து மண் நிறம் ஒப்பிடுகிற ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள், சிவப்பிலும் மஞ்சளிலும் பழுப்பிலும் சாம்பலிலும். ஒரு கட்டியை ஒரு சதுரத்துக்குப் பக்கத்தில் பிடித்து வெயிலில் பார்த்தார். திரும்பப் பார்த்தார். குழிக்குள் அளவு நாடாவை விட்டார்.

"ஒன்பது அங்குலம்" என்று முணுமுணுத்து எழுதினார்.

"என்ன ஒன்பது?"

"இந்தப் பொட்டுங்களப் பாருங்க, மிஸ் ரோவீனா. சாம்பலா இருக்கே, புள்ளி புள்ளியா. அது ஒன்பது அங்குலத்துலேயே ஆரம்பிச்சிடுச்சு."

"சாம்பல் நல்ல நிறம்தானே?"

"சட்டைக்கு நல்ல நிறம்." அவர் பலகைக்குப் பக்கத்தில் குந்தினார். "நம்ம மண்ணுல இரும்பு இருக்கு. காத்து போய் வந்தா துருப்பிடிச்சு செவப்பா இருக்கும். வருஷத்துல பல வாரம் தண்ணி தேங்கி நின்னா காத்து போகாது. அந்தச் செவப்பு கரைஞ்சு போயிடும். மிச்சம் நிக்கிறது இந்தச் சாம்பல். தண்ணி இந்த உயரம் வரைக்கும் ஏறுதுன்னு அது சொல்லுது."

ரோவீனா குனிந்து குழிக்குள் பார்த்தாள். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"தண்ணி எங்கய்யா இருக்கு? தூசி பறக்குது."

"இப்ப இல்ல. ஜனவரில இருக்கும்."

"ஜனவரிய ஆகஸ்ட்ல பாத்துடுவீங்களா நீங்க?"

"அதுக்குத்தான் எனக்கு இந்த வேலை."

"அதெல்லாம் வேணாம். குழி வெட்டி, தண்ணி ஊத்தி, எவ்ளோ நேரத்துல வத்துதுன்னு பாப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஊத்துங்க. நான் போய் வாளி எடுத்துட்டு வர்றேன்."

"முன்ன அப்படித்தான் பாத்தாங்க. ஆகஸ்ட்ல ஊத்தினா எந்த மண்ணும் குடிக்கும், அவ்ளோ தாகம். ஜனவரில அத்தனையும் வாந்தி எடுக்கும். உங்க குளியலறையில. இல்லன்னா இந்தப் புல்லு மேல. அப்புறம் பக்கத்துக் கிணத்துல." அவர் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். ஆர்லீத்தாவின் கிணறு வராந்தாவுக்கு இருபதடி தள்ளி.

"இன்னொரு எடத்துல போடுங்க."

போட்டார். எட்டரை அங்குலம். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் ஒன்று. பத்து. சாலையோரப் பள்ளத்தை ஒட்டி ஒன்று. அங்கே ஏழிலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு குழிக்கும் ரோவீனா கூடவே நடந்தாள். ஒவ்வொன்றிலும் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நாலாவது குழியில் ஆகர் கல்லில் மோதுகிற சத்தம் கேட்டால்கூட நல்லது என்று நான் நினைத்தேன், பேச்சு மாறுமே என்று.

நாலாவது முடிந்ததும் ஹின்சன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். ஆர்லீத்தா உள்ளே போய்ச் சர்க்கரை போட்ட குளிர்ந்த டீ கொண்டுவந்து கொடுத்தாள். ரோவீனா பின்னாலேயே வந்தாள். படியேறவில்லை. கீழே நின்றபடி விரலை நீட்டினாள்.

"இவரு சொல்றாரு, அந்த எடத்துல தண்ணி நிக்குமாம். நான் வருஷா வருஷம் ஹோம்கமிங்குக்கு வந்திருக்கேன், ஒரு சொட்டு பாத்ததில்ல. நீ இங்கயே கெடக்கறவ. நீயே சொல்லு லீத்தா. இந்த மனுஷன்கிட்ட சொல்லு."

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சர்ச்சில் ஹோம்கமிங் ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு. வெளியூர் போனவர்கள் எல்லாரும் அன்றைக்கு வருவார்கள். ரோவீனாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரி லீவு கொடுத்ததே இல்லை. அவள் இந்த ஊரை விட்டுப் போனபோது இந்த நிலம் அவர்கள் அப்பாவுடையது இல்லை. வேறொருத்தர் நிலத்தில் பாதி விளைச்சல் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார். அவள் போய் ஆறு வருஷம் கழித்துத்தான் இதை வாங்கினார். அப்பா இறந்ததும்கூட ஒரு செப்டம்பரில்தான். ஆக, தன் சொந்த நிலத்தை ஒரு குளிர்காலத்தில்கூட அவள் பார்த்ததில்லை.

ஆர்லீத்தாவின் கை பீன்ஸ் கிண்ணத்துக்குள் நின்றுபோனது.

'நிக்காது' என்று அவள் சொல்லியிருக்கலாம். ஹின்சன் எப்படியும் ஒன்பது அங்குலம் என்றுதான் எழுதப் போகிறார். இவள் சொல்கிற பொய் அவர் காகிதத்தில் ஒரு எழுத்தையும் மாற்றப் போவதில்லை. ரோவீனா அவரைத் திட்டிக்கொண்டே நெவார்க்குக்குப் போயிருப்பாள், தங்கையைத் திட்டமாட்டாள்.

"நிக்கும்" என்றாள் ஆர்லீத்தா.

"என்ன?"

"நிக்கும்க்கா. கிறிஸ்துமஸ் கழிச்சு ஆரம்பிக்கும். ஈஸ்டர் வரைக்கும். நடந்தா பூட்ஸ உள்ள இழுக்கும்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே."

ரோவீனா ஹின்சனைப் பார்த்தாள். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டே எனக்குக் குடுத்தாரா?"

"அவரு குடுக்கல. நீதான் கேட்ட. தூரத்துல இருக்கிறவ மொதல்ல எடுத்துக்கட்டும்னாரு. ரோட்டுப் பக்கம் குடுங்கன்னு நீ போன்ல சொன்ன."

"ஆமா சொன்னேன். அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! போன்ல நல்லா யோசிச்சியாம்மான்னு மட்டும் கேட்டாரு. யோசிச்சேன்னேன். அவ்ளோதான்."

"சொல்லச் சொன்னாரு" என்றாள் ஆர்லீத்தா. குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. "அவருக்குக் கை நடுங்கும், எழுத வராது. கடுதாசி நான்தான் எழுதறது. பத்திரம் போடறதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டு எழுதும்மா, குளிர்காலத்துல அந்தப் பக்கம் தண்ணி நிக்கும், வேணும்னா மேட்டுப் பக்கத்த எடுத்துக்கட்டும்னு எழுதுன்னாரு. கடுதாசி எழுதினேன். அந்த வரிய எழுதல."

ரோவீனா என் பக்கம் திரும்பினாள்.

"இமோ. உனக்கும் தெரியுமா?"

"கடுதாசி தெரியாது."

"தண்ணி?"

"தெரியும். எங்க டிராக்டரே ரெண்டு தடவ அங்க புதைஞ்சிருக்கு."

"மே மாசத்துலேர்ந்து நான் உன் எதுருலயே உக்காந்து மஞ்ச பெயிண்டப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

"ஆமா."

"சர்ச்சுல எல்லாருக்கும் தெரியுமோ?"

நான் இன்னொரு பீன்ஸை எடுத்து உரித்தேன். எங்கள் ஊரில் ஒருத்தர் நிலத்தைப் பற்றி அவரிடமே குறை சொல்வது பழக்கமில்லை. அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அந்தப் படிக்குக் கீழே அவள் நின்ற நிலையைப் பார்த்தபோது அது மரியாதை மாதிரி இல்லை.

"அந்த நாய்க்கும் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு ரோவீனா நடந்தாள். நேரே ஹின்சனின் வண்டிக்குப் போனாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சாத்திக்கொண்டாள்.

ஹின்சன் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

"மிஸ் ரோவீனா..."

"பஸ் ஸ்டாண்டுல விடுங்க."

"இது சர்க்கார் வண்டி. ஆள் ஏத்தக் கூடாதுங்க."

"அப்ப சர்க்கார்கிட்ட கேளுங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனை பேரிடம் 'இல்லை' என்று சொல்லியிருப்பார், எத்தனை பேர் திட்டியிருப்பார்கள், ஒருத்தன் துப்பாக்கியைக்கூடக் காட்டியிருக்கிறான் என்று கேள்வி. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தவர் யாரும் இல்லை போலிருக்கிறது.

ஆர்லீத்தா என்னிடம் சொன்னாள், என்னைப் பார்க்காமல்: "பேனாவக் கையில எடுத்துட்டேன் இமோ. சன்னல் வழியா மேடு தெரிஞ்சுது. ஆறு வருஷம் அப்பாவுக்கு நான்தான் ஷூ மாட்டிவிட்டேன். அவ வருஷத்துக்கு ஒரு தடவ புதுத் தொப்பியோட வருவா, எல்லாரும் சுத்தி நின்னுக்குவாங்க. மேட்டையும் அவளே எடுத்துட்டான்னா? அவ எங்க வரப்போறான்னு நெனச்சேன். வராதவளுக்கு எந்த மண்ணா இருந்தா என்ன?"

"வந்துட்டாளே."

"வந்துட்டா."

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மடியிலிருந்த தோலை உதறிவிட்டு, படியிறங்கி ஹின்சனிடம் போனாள். நானும் போனேன். இந்த மாதிரி நேரத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

"ஹின்சன், வேற வழியே இல்லையா?"

"அந்த ரெண்டு ஏக்கர்ல இல்லைங்க. அடிச்சுச் சொல்றேன்." அவர் கொஞ்சம் தயங்கினார். "வீடு அவங்க நெலத்துல இருக்கலாம். டேங்கும் இருக்கலாம். கழிவுத் தண்ணிய மோட்டார் வச்சு மேல ஏத்தி, வேறொருத்தர் நெலத்துல ஊற விடலாம். சட்டத்துல எடம் இருக்கு. ஆனா அந்த நெலத்துக்காரங்க பாத்தியதைப் பத்திரம் எழுதிக் குடுக்கணும். சும்மா வாய் வார்த்தை ஆகாது. பதிவு பண்ணணும். அவங்க போனப்புறம் அவங்க பிள்ளைங்களையும் அது கட்டும். வித்தாலும் கட்டும்."

"பக்கத்து நெலம் ஒண்ணு இமோவோடது. நடுவுல ஓடை."

"ஓடைய தாண்டக் கூடாதுங்க."

"அப்ப என்னோடது."

"ஆமாங்க. ஆனா மொதல்ல மண்ணு சரியா இருக்கணும். அப்புறம் அவங்க கேக்கணும்."

மூன்று பேரும் வண்டியைப் பார்த்தோம். ரோவீனா கண்ணாடியை முழுக்க ஏற்றி வைத்திருந்தாள். கன்னம் வியர்வையில் பளபளத்தது.

ஆர்லீத்தா போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"கண்ணாடிய எறக்குக்கா. வெந்து போயிடுவ."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "வெந்தா எனக்குத்தான வேகும்."

"மேட்டுல குடையச் சொல்லப் போறேன்."

ரோவீனா நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா? மேட்டுல. உனக்காக."

"எனக்காக நீ ஒண்ணும் பண்ண வேணாம். நீ பண்ணினது போதும்."

ஆர்லீத்தா கண்ணாடியை விட்டு விலகினாள். பிறகு ஹின்சனுக்கு முன்னால் நடந்தாள், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க மேட்டுக்கு. அங்கே அவள் தோட்டம். வெண்டைக்காய் ஆள் உயரம் நின்றது. அதற்கு அப்பால் சர்க்கரைவள்ளிக் கொடி பத்துப் பன்னிரண்டு வரிசை, தரை தெரியாமல் படர்ந்து கிடந்தது. ஹோம்கமிங் முடிந்து அக்டோபரில் தோண்டுவாள். பாதி ஊருக்கு அவள் கிழங்குதான்.

ஹின்சன் தோட்டத்து ஓரத்தில், புல்லில் கம்பியை ஊன்றப் போனார்.

"அங்க இல்ல. அங்க கீழ பாறை. கொடிக்குள்ள போடுங்க."

"கெழங்கு போயிடுமே, மிஸ் ஆர்லீத்தா. அதுமட்டும் இல்ல, ஊறல் பள்ளம் வெட்டினா அதுக்கு மேல அப்புறம் கெழங்கு போட முடியாது. உழக் கூடாது. புல்லு மட்டும்தான்."

"எத்தன நாளைக்கு?"

"எப்பவும்."

அவள் கொடியைக் காலால் ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள். "போடுங்க" என்றாள்.

ஆகர் சத்தமில்லாமல் இறங்கியது. மேல் மண் பழுப்பு. ஒரு அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. இரண்டடியில் நல்ல சிவப்பு, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்றடி. அவர் கைப்பிடியில் நீட்டிப்பு மாட்டிக்கொண்டு இன்னும் சுற்றினார். பலகையில் கட்டிகள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் சாம்பல் பொட்டு இல்லை.

"எவ்ளோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ரோவீனா வெண்டைச் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். தொப்பி கையில் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாப்பத்தி நாலு அங்குலம், இன்னும் செவப்புதான்" என்றார் ஹின்சன்.

"அந்தப் புத்தகத்தக் குடுங்க."

கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த சரக்கைச் சோதிக்கிறவள் மாதிரி அவள் ஒவ்வொரு கட்டியையும் எடுத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் சந்தேகம் வந்து வெயிலுக்கு நகர்ந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிக் கட்டியைப் பார்த்து முடித்ததும் புத்தகத்தை மூடினாள்.

"அடுத்தது போடுங்க."

இரண்டாவது குழியும் நன்றாக இருந்தது. மூன்றாவதும். நாலாவதில், வேலிப் பக்கம், இருபது அங்குலத்திலேயே கம்பி கிறீச்சென்று பாறையில் நின்றது. ஐந்தாவதும் அப்படியே. அவர் ரோஜா நிறத் துணி கட்டிய அடையாளக் கம்பிகளை நட்டுக்கொண்டே போனார். கிழங்கு வரிசைக்குள் ஒரு நீள்சதுரம் தெரிய ஆரம்பித்தது. நான் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன இடத்திலெல்லாம் நின்றேன்.

அந்தச் சதுரத்தின் இரண்டு பக்கமும் அக்காவும் தங்கையும் நின்றார்கள்.

"என் வீட்டு அழுக்கு மலையேறி உன் தோட்டத்துக்கு வரணும். அதுவா யோசனை?" என்றாள் ரோவீனா.

"மோட்டார் ஏத்தும்."

"ஒவ்வொரு தடவ நான் ஃப்ளஷ் பண்ணும்போதும் நீ தயவு பண்ணியிருக்கன்னு நெனைக்கணும்."

"நெனைக்க வேணாம். பத்திரம் எழுதிக் குடுக்கறேன். அதுக்கப்புறம் அது உன்னோடது. நான் வேணாம்னாலும் போகாது. நான் செத்தாலும் போகாது."

"நீ எழுதிக் குடுப்ப. அதுல எந்த வரிய விட்டுட்டேன்னு இன்னும் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத் தெரியும்."

ஆர்லீத்தா அதை வாங்கிக்கொண்டாள். முகம் மட்டும் கொஞ்சம் இறுகியது.

"வக்கீல் எழுதட்டும்" என்றாள். "நீ படி. இமோவும் படிக்கட்டும். ஹின்சனும் படிக்கட்டும். அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

"எனக்குப் படிக்க வேண்டியது நெறைய இருக்குங்க" என்றார் ஹின்சன் மெதுவாக. நான் மட்டும் சிரித்தேன்.

"இல்லன்னா மாத்திக்கலாம்" என்றாள் ஆர்லீத்தா. "நீ மேட்ட எடுத்துக்க. நான் கீழ போறேன். அப்பா சொன்னபடி."

அது சும்மா சொன்னது இல்லை. அவள் சொன்னால் செய்கிறவள். ரோவீனாவும் அதைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், வராந்தாவில் கிடந்த பீன்ஸ் கிண்ணத்தைக்கூடப் பார்த்தாள்.

"நீ கீழ போய் என்ன பண்ணுவ? உனக்கும் அதே தண்ணிதான்" என்றாள் கடைசியில். "அறுபத்தாறு வயசுல உன்ன வீட்ட விட்டு எறக்கிட்டு நான் அதுல படுத்துத் தூங்குவேனா? நான் உன்ன மாதிரி இல்ல."

அது நல்ல அடி. ஆர்லீத்தா அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஹின்சன் வரைபடத்தை முடித்துவிட்டு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று தெரிந்தது.

"மண்ணு நல்ல மண்ணு. ஆனா பாறை ரெண்டு பக்கமும் வந்துடுச்சு, எடம் கொறைச்சல். ஊறல் பள்ளத்துக்கு எவ்ளோ எடமோ அதே அளவு இன்னொரு பங்கு ஒதுக்கி வைக்கணும், மொதல்ல போட்டது கெட்டா மாத்தறதுக்கு. எவ்ளோ எடம்னு படுக்கையறைய வச்சுத்தான் கணக்கு. ஒவ்வொரு அறைக்கும் ரெண்டு பேர்னு. நீங்க மூணு போட்டிருக்கீங்க. இதுல ரெண்டுதான் தாங்கும்."

"நான் ஒருத்திதானே இருக்கப்போறேன்!"

"உங்களுக்கப்புறம் அங்க ஆறு பேர் வந்து இருக்கலாம். மண்ணுக்கு ஆள் தெரியாதுங்க, எண்ணிக்கைதான் தெரியும். சட்டமும் அப்படித்தான்."

"மூணாவதுல கட்டில் போடாம தையல் மெஷின் போட்டுக்கறேன்."

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. தையல் மெஷின், புத்தகம், பியானோ. கதவும் அலமாரியும் இருந்தா அது படுக்கையறைங்க."

மூன்றாவது அறை எதற்கென்று எனக்குத் தெரியும். மே மாதத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஹோம்கமிங்குக்கு மகன் குடும்பத்தோடு வருவான், ஹோட்டலில் தங்கக் கூடாது, தன் வீட்டில் தன் கூரைக்கு அடியில் தூங்க வேண்டும். நாற்பத்தொன்பது வருஷம் வருஷா வருஷம் அவள் வந்து யார் யார் வீட்டிலோ படுத்திருக்கிறாள். தன் பிள்ளை அப்படிப் படுக்கக் கூடாது.

ரோவீனா தொப்பியால் விசிறிக்கொண்டாள். ஹின்சன் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தபடி காத்திருந்தார்.

"என் வீட்ல ரெண்டு அறை சும்மா கெடக்கு" என்றாள் ஆர்லீத்தா.

"அதுலதான் என்னப் படுக்க விடாம சோபால போட்டியா?"

"நீதான் கேட்ட! மே மாசம் வந்தன்னிக்கே கேட்டேன். ரெண்டு வாரம்தானே, பெட்டியப் பிரிக்கக்கூட வேணாம், சோபா போதும்னு நீதான் சொன்ன."

"நான் சொல்றதெல்லாம் கேக்கணுமா நீ?"

இது வேறு குரல். நான் கவனித்தேன். சண்டைதான், ஆனால் அக்கா தங்கை சண்டை.

"உன் பையன் வந்தா எங்க வீட்ல படுக்கட்டும்" என்றாள் ஆர்லீத்தா. "நூறு கஜம்கூட இல்ல. காலைல எழுந்து உன் வீட்டுக்கு நடந்து வந்து பிஸ்கட் சாப்பிடட்டும்."

ரோவீனா ஹின்சன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு ரூம் வீட்லயும் மஞ்ச பெயிண்ட் கெடைக்குமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் மண்ணு மட்டும்தான்."

"ரெண்டுன்னு எழுதுங்க."

எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, எழுதினது இரண்டுதானா என்று உறுதி பண்ணிக்கொண்டாள். பிறகு தங்கையிடம் பேசினாள், முகத்தைப் பார்த்தபடி:

"கோவம் தீந்துடுச்சுன்னு நெனச்சுக்காத லீத்தா. தீரல. தீருமான்னும் தெரியல. சோபால உக்காந்து கோவப்பட முதுகு வலிக்குது. என் சொந்த வீட்ல, என் நாற்காலில உக்காந்து பட்டுக்கறேன்."

"சரிக்கா" என்றாள் ஆர்லீத்தா.

ஹின்சன் பலகையிலிருந்த சிவப்புக் கட்டிகளை மறுபடி குழிக்குள் தள்ளி, காலால் மிதித்து மூடினார். வக்கீல் பெயர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பத்திரம் பதிவானதும் கொண்டு வந்தால் அன்றைக்கே பெர்மிட் தருவதாகச் சொன்னார். வண்டி போனதும் ஆர்லீத்தா கொட்டகையிலிருந்து கிழங்கு தோண்டுகிற முள்ளை எடுத்து வந்தாள். கிழங்கு இன்னும் விரல் பருமன்தான் இருக்கும், ஆனால் பள்ளம் வெட்டுகிறவர்கள் அக்டோபர் வரை காத்திருக்கப் போவதில்லை. கொடிகளை மட்டும் தோட்டத்தின் மறுபக்கத்தில், பாறைக்கு மேல் இருக்கிற கொஞ்ச மண்ணில், ஊன்றிப் பார்க்கிறேன் என்றாள். வராது என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"வராதுடி, அங்க இருபது அங்குலம்தான்" என்றாள் ரோவீனா, என்னை முந்திக்கொண்டு.